மின்போர்வை

ரஸல் பிக்கெட் அதைக் களவுப் பொருள்போல்
கடற்கரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.
கூரைமேல் சைக்கிள் இருப்பதை மறந்து
காரைக் கராஜுக்குள் ஓட்டிவிட்டாராம்.
மேல்குழாய் வாய்பிளந்து
கறுப்பு நார் துருத்திக்கொண்டிருந்தது.
"காப்பீட்டுக்காரன் இரண்டாய் அறுத்துப்
படம் அனுப்பச் சொல்கிறான்,
அனுப்பினால் புதுசு.
ரம்பத்தை எடுத்தேன், வைத்துவிட்டேன்."
ஏனென்று நான் கேட்கவில்லை.

ஐம்பது சென்ட் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கம்.
ஒரு முனையால் தட்டிக்கொண்டே போனேன்.
டிக். டிக். டிக். நல்ல இடம்.
தொப். உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது.
அங்கே மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம்.
பதினான்கு வருடம் காற்றாலை இறகுகளில்
கயிற்றில் தொங்கித் தட்டியவள் நான்,
முதலில் முப்பந்தலில், பிறகு பங்கன்டோரில்.
தோள்மூட்டு போனபின் குவீன்பியனில் இந்தக் கராஜ்.
அன்றிலிருந்து செல்வினின் கார் வெளியே.
ஜூலை காலைகளில்
கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டும் சத்தம்
எனக்குக் கேட்கும்படியாகவே இருக்கும்.

முகக்கவசம், கையுறை,
கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே டேப்.
இருந்தும் தூசி ஏறிவிடும்,
காஞ்சொறி பட்டதுபோல் ஒரு வாரம் அரிக்கும்.
உப்புத்தாளின் கீழ் சிவப்புப் போனது,
வெள்ளைப் பூச்சுப் போனது,
கறுப்பு வந்தது.

விரிசலுக்கு நாலு விரல் தள்ளி
நெசவு திரும்பியிருந்தது.
ஆலை இட்ட இழைக்கு ஒரு கணக்கு உண்டு.
இது அதிலிருந்து இம்மி விலகி
யாரோ கையால் இட்டது.
ஓரத்தை அத்தனை சன்னமாகத் தேய்த்திருந்தார்கள்,
நாணயம்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை.
ரெசினுக்குள் ஒரு முடி,
நரைத்தது, குட்டை.
புருவத்திலிருந்து விழுந்திருக்கலாம்.

ரஸல் இதைப் புதிதென்று வாங்கியவர்.
பில்லைக்கூட மடித்து வைத்திருக்கிறார்.
விற்றவன் ஏமாற்றினான், அதில் சந்தேகமில்லை.
ஒட்டியவர் ஏமாற்றவில்லை, அதிலும் இல்லை.
மேலே வண்ணம் ஏறிவிட்டால் யாருக்குத் தெரியும்?
தேநீர் ஆறும்வரை இதையே யோசித்தேன்.
பிறகு என் துணியை வெட்டினேன்,
அந்த முடிக்கு இந்தப் பக்கமே நிற்கும்படி.

இரவு மைனஸ் ஐந்து என்றார்கள்.
பதினைந்துக்குக் கீழே ரெசின் வேலைநிறுத்தம் செய்யும்.
ஹீட்டர் வேறு செத்துக் கிடந்தது.
படுக்கையிலிருந்து மின்போர்வையை உருவினேன்.
"எனக்கு?" என்றான் செல்வின்.
"இரண்டு காலுறை போட்டுக்கோ."
போர்வைக்குள் வெற்றிடப் பை
குழாயை இறுகப் பிடித்திருக்க
பம்ப் விடியும்வரை முனகியது.
அவனும் முனகினான்.

வண்ணம் பூசுமுன் ரஸலை வரச்சொல்லிக் காட்டினேன்.
மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு
நெடுநேரம் குனிந்திருந்தார்.
"இதனால்தான் உடைந்ததா?"
"இது உடையவில்லை. இதற்குப் பக்கத்தில் உடைந்தது."
"அந்தக் கடைக்காரனை" என்று தொடங்கியவர்
கடை மூடி நாளானது நினைவு வந்து
வாக்கியத்தை அப்படியே விட்டார்.
அப்புறம், என்னிடம் இல்லை, அந்த முடியிடம்:
"ஹனிசக்கிள் க்ரீக் இறக்கத்தில்
எழுபத்திரண்டில் போயிருக்கிறேன்."

முப்பத்தெட்டு கிராம் கூடியிருக்கிறது என்றேன்.
காலைக் காப்பியைக் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்.
சிவப்பும் சரியாகப் பொருந்தவில்லை,
என் பக்கம் கொஞ்சம் செங்கல்.
தெருமுனைவரை ஓட்டிப் போனார்,
எழுந்து நின்று மிதித்தார்.
வாசலில் நின்று காதைத் தீட்டிக் கேட்டேன்.
தண்ணீர் பாட்டில் மட்டும் ஆடியது.

அன்றிரவு போர்வையைத் திரும்ப விரித்தோம்.
ஓரிடத்தில் நக அளவு ரெசின் சொட்டு,
கல்லாகி, செல்வின் இடுப்புக்கு நேரே.
"தேய்த்து எடுக்க முடியாதா?"
முடியும், உள்ளே கம்பி அறும்.
இருட்டில் அதை விரலால் சுண்டிப் பார்த்தான்.
"சரி, நீ இந்தப் பக்கம் வந்து படு."